கற்றதை மறைக்கலாமா?

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள். அஸர் தொழுதுவிட்டு வீட்டு முன்றிலில் அமர்ந்திருந்தேன். அடுத்த தெருவில் வசிக்கும் தாய் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு படியேறி வந்தார். மகள் க.பொ.த. உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்பவள். பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. முப்பத்திரண்டு ஆண்டுகள் விலங்கியலும் பின்னர் உயிரியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் பாடத்தில் ஏதோ ஐயம் கேட்க வந்திருக்கின்றனர் என்றே எண்ணினேன். அவர்கள் வந்தது அதற்கன்று.

"சேர், இவள்ட கொப்பிய இவள்ட கூட்டாளி ஒருத்தி கேட்டிரிக்கா. இவள் தன்னட்ட ஒண்டும் இல்லெண்டு சொல்லிப் போட்டாள். இப்ப ராவெல்லாம் நித்திரையில்லாமக் கிடக்காள். செஞ்சது சரியா, பிழையா எண்டு நீங்களே சொல்லுங்க" என்றார் தாய். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டவளும் இவளும் ஒரே மாவட்டத்தவர். பத்தாம் வகுப்பு வரை ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்தவர்கள். பின்னர் அவளுடைய குடும்பம் உட்புறக் கிராமம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள பாடசாலையில் உயிரியலுக்கு ஆசிரியர் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருந்தனர். இவளோ நகரத்தில் பயில்பவள்; சனி, ஞாயிறுகளில் தனியார் வகுப்பும் உண்டு. அவள் கேட்டது விலங்கின் வடிவமும் தொழிலும் என்னும் அலகுக்குரிய குறிப்புகளை மட்டுமே. இவள் இல்லையென்றாள். நடந்தது இவ்வளவுதான்.

சிறு பிள்ளைகளின் சிறு பூசல் என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அவ்வாறு தள்ள இயலவில்லை. அதற்கு என் சொந்த வாழ்வில் ஒரு காரணமுண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

கொப்பி என்பது என்ன என்பதை இப்பரீட்சையை அறியாத வாசகர்க்கு முதலில் விளக்க வேண்டும். முன்னாளில் மருத்துவம் பயில விழைவோர் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என நான்கு பாடங்கள் எழுதினர். 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பாடங்கள் மூன்றாகக் குறைந்தன. தாவரமும் விலங்கும் உயிரியல் என்னும் ஒரே பாடத்தினுள் அடங்கின. பெயர் ஒன்றாயிற்றேயன்றிப் பாரம் குறைந்ததாக எந்தப் பிள்ளையும் சொல்லக் கேட்டதில்லை. உயிரின் இரசாயன அடிப்படையில் தொடங்கி, கலம், நொதியம், ஒளித்தொகுப்பு, பரம்பரை, நுண்ணங்கிகள், சூழல் எனச் செல்லும் பாடத்திட்டம் ஒரு சிறு கடலுக்கு ஒப்பானது. முதல் வினாத்தாளில் இரண்டு மணி நேரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள். இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கு. பின்னர் கட்டுரை வினாக்கள் ஆறில் நான்கைத் தெரிந்தெழுதவேண்டும்.

கட்டுரை என்றவுடன் சொல்லலங்காரத்தை நினைத்துவிடக் கூடாது. புள்ளியிடும் திட்டம் ஒவ்வோர் உண்மைக்கும் இத்தனை புள்ளி என்று எண்ணி வழங்குவது. சிறுநீரகத்தியைப் பற்றி எழுதும் பிள்ளை அதனை வியந்து பாராட்டினால் ஒரு புள்ளியும் கிட்டாது. கலன்கோளத்தில் நிகழும் வடிகட்டல், போமனின் உறை, அண்மை மடிந்த சிறுகுழாய், ஹென்லேயின் தடத்தின் இறங்கு புயம் நீரை ஊடுபுக விடுவது, ஏறு புயம் விடாதது என ஒழுங்கு தப்பாது எழுதினால் கிட்டும். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. அதில் ஒன்றரை லீற்றர் அளவே வெளியேறுகிறது. எஞ்சியதெல்லாம் குருதிக்கே மீள்கிறது. இதனை முதன்முறை கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது ஒரு வகுப்பு முழுவதும் மௌனமாகிவிடுவதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அந்த மௌனத்துக்குப் புள்ளியிடும் திட்டத்தில் இடமில்லை. அது பரீட்சையின் குற்றமென்று நான் சொல்லவில்லை. அளக்கக் கூடியதைத்தானே அளவுகோல் அளக்கும்?

தமிழ்மொழி மூலம் பயிலும் பிள்ளைக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல் இருக்கிறது. அதற்கப்பால் விரிவாகப் படிக்க விரும்பினால் கிடைக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆகவே கெட்டிக்கார மாணவி ஒருத்தி வளநூலையும், ஆசிரியரின் சொல்லையும், கடந்தகால வினாத்தாள்களையும், அகராதியின் துணையோடு படித்த ஆங்கில நூலையும் சேர்த்துத் தன் கையெழுத்தில் ஒன்றாக்கி, படம் வரைந்து, வண்ணமிட்டு வைத்திருக்கும் அந்தக் கொப்பி ஈராண்டு உழைப்பின் சாறு. அதனைக் கேட்பது பேனாவை இரவல் கேட்பது போன்றதன்று. இதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்ற பிள்ளையை உடனே கயவியென்று தீர்ப்பிடுவோர், தம் இருபது வருட வியாபாரத்தின் கணக்குப் புத்தகத்தை அடுத்த கடைக்காரருக்குக் கொடுப்பார்களா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த கடைக்காரர் என்று சொன்னது வேண்டுமென்றேதான். இந்நாட்டின் பல்கலைக்கழக அனுமதி முறையில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி வழங்கப்படுகின்றன. 55 சதவீதம் சனத்தொகைக்கேற்ப 25 மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகிறது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவையெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது. 2001 முதல் பெற்ற புள்ளியை அப்படியே எடுப்பதில்லை. அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து வரும் இசட் புள்ளியே கணக்கு. அது நான்கு தசமத்தானம் வரை அச்சாகி வருகிறது. பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் இப்பரீட்சையை மூன்று தடவை மட்டுமே எழுதலாம். மூன்றாம் தடவையும் நான்காம் தசமத்தானத்தில் தவறியவரின் வீட்டுக்குச் சென்று ஆறுதல் சொல்லியவர்க்கே அந்த எண்ணின் கனம் தெரியும்.

1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது தமிழில் எழுதிய பிள்ளைகள் அடைந்த வேதனையை என் வயதினர் மறவார். பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் நம் கிழக்கிலங்கைப் பிள்ளைகள் பலருக்கு வாயில் திறந்ததையும் மறைக்கலாகாது. அந்தப் பெரிய வழக்கை நான் இங்கு விசாரிக்கப் போவதில்லை. என் முன் நின்ற பிள்ளையின் சிறிய வழக்குக்கே வருகிறேன். அவளுடைய நியாயம் இதுதான்: அதே மாவட்டம், அதே இடங்கள், கூட்டாளி ஒருபடி ஏறினால் தான் ஒருபடி இறங்க நேரலாம். அவளுக்கு உதவுவது தன் கையால் தன் வாயிலைச் சாத்துவது ஆகாதா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பதாயிரம் பேர் இப்பாடத்தை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொப்பியின் துணையால் கூட்டாளி 20 புள்ளி கூடுதலாகப் பெற்றாலும், முழுச் சராசரி ஒரு புள்ளியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உயரும். அதனை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுத்தால், இவளுடைய இசட் புள்ளியின் நான்காம் தசமத்தானம் அசைவதே அரிது. உண்மையான இழப்பு ஒரேயொரு நிலையில்தான் நேரும். மாவட்டத்துக்குரிய இடங்களில் கடைசி இடத்தில் இவள் நிற்கவேண்டும். இவளுக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டியவள் கொப்பியினால் இவளுக்குச் சற்று மேலே செல்லவேண்டும். அந்தக் கடைசி இடத்தில் நிற்பவர் ஒருவரே. அவர் இவளாகவே இருப்பதற்குரிய வாய்ப்பு மிகச் சிறிது.

கணக்கு சரியானதே. ஆயினும் அதனை அப்பிள்ளைக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "உனக்கு நட்டமில்லை, ஆகவே கொடு" என்று சொல்வது தருமத்தைப் போதிப்பதன்று. நட்டமில்லாத வியாபாரத்தைக் கற்பிப்பது. நாளை நட்டம் வருமென்று இன்னொரு கணக்குக் காட்டினால் கதவு மீண்டும் மூடிக்கொள்ளும். சிறிய வாய்ப்பாயினும் வாய்ப்பு இல்லாமலில்லை. அந்தக் கடைசி இடத்தில் எவளோ ஒருத்தி ஒவ்வோராண்டும் நிற்கத்தான் செய்கிறாள். அவளுக்கு நாம் சொல்லும் விடை என்ன? அந்தக் கேள்விக்கு நிற்காத விடை விடையேயன்று.

உயிரியலே இதற்கு விடை தருமா என்று சிலர் தேடுவதுண்டு. போட்டியைப் பற்றிப் படிக்கும் பிள்ளைக்கு, ஒரே இனத்தைச் சேர்ந்த அங்கிகளிடையேதான் போட்டி மிகக் கடுமையானது என்று கற்பிக்கிறோம். அவற்றின் தேவைகள் ஒன்றேயாதலால். மான் மானோடு போட்டியிடுவதுபோல் மீனோடு போட்டியிடுவதில்லை. ஒரே மாவட்டம், ஒரே பாடப்பிரிவு, ஒரே கனவு: நம் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறென்ன? ஆனால் அதே இயல் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. மத்திய, தென் அமெரிக்காவில் குருதியை மட்டுமே உண்டு வாழும் வௌவால்கள் உள்ளன. இரண்டு, மூன்று இரவுகள் தொடர்ந்து இரை கிடைக்காவிடின் அவை மடிந்துபோகும். இரை கிடைத்த வௌவால், தன் உறைவிடத்தில் பசித்திருக்கும் மற்றொன்றுக்குத் தான் உண்டதைக் கக்கிக் கொடுப்பதை ஜெரல்ட் வில்கின்சன் கொஸ்தாரிக்காவில் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். கிடைக்கும் இடத்தில் பெற்றுக்கொள்வதும், பெற்றதைத் திருப்பிக் கொடுப்பதும் அங்கே நிகழ்கின்றன.

இப்போது எதைப் பின்பற்றுவது? மானையா, வௌவாலையா? பிடித்ததை எடுத்துக்காட்டாக்கிக்கொண்டு பிடிக்காததை விட்டுவிடுவது எளிது. இயற்கையில் நிகழ்வது எது என்பதை உயிரியல் சொல்லும். மனிதன் செய்யத்தக்கது எது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது அதன் வேலையுமன்று. இதை உணராது, "உலகமே போட்டிதான்" என்று விஞ்ஞானத்தின் பெயரால் பிள்ளைகளுக்கு உபதேசிக்கும் பெரியவர்கள், அந்தப் பாடத்தில் தாமே சித்தியடையார்.

ஆனால் உயிரியலைச் செய்தவர்களின் வாழ்க்கை வேறு. அது மனிதரின் வாழ்க்கை. அதில் நமக்குப் படிப்பினை உண்டு. 1858 ஜூன் மாதம் சார்ள்ஸ் டார்வினின் வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. அனுப்பியவர் அல்பிரட் ரசல் வொலஸ். மலாய்த் தீவுக்கூட்டத்தில், அலி என்னும் மலாய் இளைஞரின் துணையோடு பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்துத் திரிந்தவர் அவர். தெர்னாத்தே தீவிலிருந்து வந்த அந்தக் கட்டுரையில், டார்வின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மனத்திலும் தாளிலும் வைத்திருந்த இயற்கைத் தேர்வு என்னும் கருத்து அப்படியே எழுதப்பட்டிருந்தது. டார்வின் 1842இல் ஒரு சுருக்கமும் 1844இல் ஒரு விரிவும் எழுதிவைத்திருந்தும் எதையும் வெளியிட்டிருக்கவில்லை. தபாலில் வந்த கட்டுரை அச்சேறினால் முதன்மை வொலசுக்கே போகும். அது கீழைக் கடல்களிலிருந்து பல வாரங்கள் கடந்து வந்த தபால். வழியில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் மறுப்பார் யாருமில்லை.

டார்வின் அதனை மறைக்கவில்லை. வொலஸ் கேட்டிருந்தவாறே புவியியலறிஞர் லையலுக்கு அனுப்பிவைத்தார்; தம் முதன்மை முழுவதும் நொறுங்கிப் போயிற்று என்னும் வேதனையோடுதான் அனுப்பினார். லையலும் ஹூக்கரும் கூடி, 1858 ஜூலை 1ஆம் நாள் லண்டன் லினேயன் சங்கத்தில் இருவரின் எழுத்துகளையும் ஒன்றாக வாசிக்கச் செய்தனர். அந்த நாட்களில் டார்வினின் கைக்குழந்தை செங்காய்ச்சலில் இறந்திருந்தது. அவர் கூட்டத்துக்குச் செல்லவில்லை. வொலசின் இசைவைப் பெறாமல் டார்வினின் எழுத்தை முதலில் வைத்தார்களே என்று குறை கூறுவோர் இன்றும் உளர். அந்தக் குறையில் நியாயம் இல்லாமலுமில்லை. ஆயினும் வொலஸ் பின்னர் 1889இல் தாம் எழுதிய நூலுக்கு டார்வினின் பெயரையே தலைப்பாக்கினார். கூர்ப்புக் கொள்கையை நம்மிற் பலர் ஏற்பதில்லை, ஏற்போரும் உளர். அந்த வாதம் வேறு. கைக்குள் வந்த எதிராளியின் தாளை அடுப்பில் இடாமல் அவையில் வைத்த அந்தச் செயலை மெச்சுவதற்கு அக்கொள்கையை ஏற்றிருக்க வேண்டிய அவசியமில்லை.

டார்வினின் செயலில் நான் கவனிப்பது ஒன்று. அவர் தம் குறிப்புகளையெல்லாம் வொலசுக்கு வாரி வழங்கிவிடவில்லை. இருபது ஆண்டு உழைப்பை விட்டுக்கொடுத்து ஒதுங்கவுமில்லை. அடுத்த ஆண்டே தம் பெருநூலை எழுதி வெளியிட்டார். அவர் செய்ய மறுத்தது ஒன்றே: இருப்பதை இல்லையென்று சொல்ல மறுத்தார்.

இங்கேதான் நம் வழக்கின் முடிச்சு இருக்கிறது என்று கருதுகிறேன். கொப்பி என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் கலந்து கிடக்கின்றன. தனியார் வகுப்பு ஆசிரியர் அச்சிட்டுக் காசுக்குக் கொடுத்த ரியூட் இருந்தால், அது அவருடைய பிழைப்பு. பிரதி எடுக்கக் கூடாதென்று அவர் சொல்லியிருப்பாராயின், அதைக் கொடுக்காதிருப்பதே நேர்மை. மாணவி தானே எழுதியது அவளுடைய உழைப்பு. அதை எப்போது கொடுப்பது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது, தான் மீட்டுப் படிக்கும் வாரத்தில் கொடுப்பதா என்பதையெல்லாம் தீர்மானிக்கும் உரிமை அவளுக்குண்டு. பரீட்சைக்கு முந்திய இரவில் கேட்டு வருபவளை மறுத்தால் யாரும் குற்றம் சொல்லார். ஆனால் ஹென்லேயின் தடத்தில் நீர் எப்படி மீள்கிறது என்னும் அறிவு எவருடைய உழைப்பு? அவள் கண்டுபிடித்ததா? ஆசிரியர் கண்டுபிடித்தாரா? யார் யாரோ கண்டு, யார் யாரோ எழுதி, எவரும் விலைபேசாமல் அவளிடம் வந்து சேர்ந்தது அது. அது அவளிடத்தில் அமானிதமாக இருக்கிறதேயன்றிச் சொத்தாக இல்லை.

கேட்கப்பட்ட அறிவை மறைப்பவரைக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழி நம் மதரசாச் சிறுவரும் அறிந்ததே. அது மார்க்க அறிவைப் பற்றியதா, பயனுள்ள எல்லா அறிவையும் தழுவியதா என்பதை ஆலிம்கள் விரித்துரைப்பர். நான் அத்துறைக்குரியவன் அல்லேன். எனினும் "இல்லை" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேச ஆலிமாக இருக்க வேண்டியதில்லை. "இருக்கிறது, இப்போது தர இயலாது" என்று சொல்லியிருந்தால் இருவருக்குமிடையே ஒரு மனத்தாங்கல் வந்திருக்கும். "இல்லை" என்றதனால் ஒரு பொய் வந்துவிட்டது. பிள்ளையின் நித்திரையைக் கெடுத்தது கொப்பி அன்று, அந்தச் சொல்.

இன்னும் ஒன்று. அரசின் அனுமதி முறை மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிடுகிறது. கொழும்பின் பிள்ளைக்கும் மொனராகலையின் பிள்ளைக்கும் ஒரே வசதி இல்லை என்பதை அது ஒப்புக்கொண்டு, தன்னால் இயன்ற அளவு ஈடுசெய்ய முயல்கிறது. ஆனால் மாவட்டத்தின் எல்லைக்குள் அதன் கண் தெரிவதில்லை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள நகரப் பாடசாலையும், நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு வெங்காய உரியைக்கூடக் கண்டிராத உட்கிராமப் பாடசாலையும் அதன் பார்வையில் ஒன்றே. இரண்டும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு முன் நிற்கின்றன. சுற்றறிக்கைகளும் சதவீதங்களும் வந்து நின்றுவிடும் அந்த எல்லையிலிருந்து அப்பால் செல்லக் கூடியது ஒரு பிள்ளையின் கொப்பி மட்டுமே. மாவட்ட ஒதுக்கீட்டின் நன்மையைக் கைநீட்டிப் பெற்றுக்கொள்ளும் நாம், அதே நியாயம் நம் வீட்டு வாசலுக்கு வந்து நம்மிடமே கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எப்படிப் பொருந்தும்? கொழும்புப் பிள்ளை நம்மைவிட அதிகப் புள்ளி பெற்றும் இடமிழப்பதை நியாயம் என்கிறோம். உட்கிராமத்துப் பிள்ளை நம் கொப்பியால் நம்மை முந்துவதை மட்டும் அநியாயம் என்கிறோம்.

கடைசி இடத்தில் நிற்பவளுக்குரிய விடையும் இதில் அடங்கியிருக்கிறதென்றே நினைக்கிறேன். அந்த இடம் இன்னும் அவளுடையதாகவில்லை. இருவரில் நன்கு அறிந்தவருக்கென்று வைக்கப்பட்டிருக்கும் இடம் அது; அதன் முடிவில் நோயாளி ஒருவர் காத்திருக்கிறார். மற்றவள் அறியாதிருக்கும்படி செய்து அதைப் பெற்றால், பெற்றது எதற்கான சான்று? இது கசப்பான விடை என்பதை அறிவேன். மூன்றாம் தடவை எழுதும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் துணிவு எனக்கு வருமா என்பது வேறு.

இனி என் கதை. நான் 1981இல் இப்பரீட்சையை எழுதினேன். அவ்வாண்டு மாற்றலாகிச் சென்ற ஆசிரியர் ஒருவர், கடந்தகால வினாக்களுக்குத் தாம் எழுதிவைத்திருந்த விலங்கியல் விடைகளை ஒரு கட்டாக எனக்குத் தந்துவிட்டுப் போனார். என் வகுப்பில் ஏழு மைல் சைக்கிள் மிதித்து வரும் நண்பர் ஒருவர் இருந்தார், என்னைவிடக் கெட்டிக்காரர். "போகக்குள்ள சேர் ஏதும் தந்தாரா மச்சான்?" என்று கேட்டார். "ஒண்டும் தரல்ல" என்றேன். கட்டு என் பையில் இருந்தது. எனக்கு விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்தது. அவருக்கு எந்தப் பீடத்திலும் கிடைக்கவில்லை. மறுமுறை அவர் எழுதவுமில்லை. 1983இல் சவூதிக்குச் சென்று களஞ்சியசாலையொன்றில் வேலை செய்தார்.

அவர் ஊர் திரும்பியது 2000இல். அடுத்த ஆண்டு, மய்யித்து ஒன்றை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து இருவரும் நடந்து வரும்போது, இருபது ஆண்டு சுமையை இறக்கிவைக்க எண்ணி, அந்தக் கட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கு அண்டைக்கே தெரியும். பைக்குள்ள கட்டு இரிந்த நான் கண்டுதான் கேட்டன்" என்றார்.

சிறிது தூரம் பேசாமல் நடந்தபின் அவரே மீண்டும் சொன்னார். அந்தக் கட்டு கிடைக்காததால் தாம் தோற்றதாக அவர் எண்ணவில்லையாம். அதற்குப் பின்னர் எவரிடத்திலும் எதையும் கேட்பதற்கு நா எழவில்லையாம். அவ்வாண்டு இரசாயனத்தில் விளங்காத இடங்கள் பல இருந்தன, ஆசிரியரிடமும் கேட்கவில்லை, மற்ற மாணவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இருப்பதை இல்லையென்பார்கள் என்று ஓர் எண்ணம் உள்ளே விழுந்துவிட்டதாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை; மழை எப்போது வரும் என்று பேசுவதுபோலச் சொன்னார்.

நான் என்ன மறைத்தேன் என்பதை அன்றுவரை ஒரு தாள்கட்டாகவே எண்ணி வந்திருந்தேன்.

இந்தக் கதையைத்தான் அன்று அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சொன்னேன். கணக்கையும் வௌவாலையும் சொல்லவில்லை. டார்வினைப் பற்றியும் பேசவில்லை. தாய் இடையிடையே "ஓம் சேர்" என்றார். மகள் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், நீங்க அந்தக் கட்ட அவருக்குக் குடுத்திருந்தா, உங்களுக்குக் கெம்பஸ் கிடைச்சிரிக்குமா?"

"தெரியாது மகள். கிடைக்காமலும் போயிருக்கலாம்" என்றேன்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு இருவரும் எழுந்து சென்றனர். நல்ல விடையொன்றைச் சொல்லத் தவறிவிட்டேனோ என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு விடையைச் சொல்லியிருந்தால் அது இன்னொரு "ஒண்டும் தரல்ல" ஆகியிருக்கும்.

இரண்டு வாரங்களுக்குப் பின், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு பிள்ளைகள் என் வாசலில் வந்து நின்றனர். ஒருத்தியை அறிவேன், மற்றவளை அறியேன். போட்டோ கொப்பிக் கடையின் சூடு இன்னும் ஆறாத தாள்கட்டு ஒன்றைத் தந்து, பிழை இருந்தால் பார்த்துத் தரவேண்டுமென்று கேட்டனர். அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. 37ஆம் பக்கத்தில், ஹென்லேயின் தடத்தின் இறங்கு புயத்திலிருந்து நீர் வெளியேறுவதைக் காட்ட வேண்டிய அம்புக்குறி உள்நோக்கிப் போடப்பட்டிருக்கிறது. நாளை இருவருக்கும் சொல்லவேண்டும்.